வண்டி எங்கே நிற்க வேண்டும்?

போன வாரம் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கப்போகும் உங்கள் பயிற்சி வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து என்னிடம் கேட்டார்: "சார், நான் தஞ்சாவூர்ப் பக்கமே போனதில்ல. அந்த ஊர்க்காரங்க போனை எடுத்து நான் எப்படி பதில் சொல்றது?" மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் "கேட்கத் தெரிந்தால் போதும்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. ஊர் தெரியும், கேட்கவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஓர் ஆபரேட்டரை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான்.

நான் வேலை பார்த்தது ஒரு தனியார் மருத்துவமனையில். தலைமையிடம் தஞ்சாவூர். பாபநாசம், வலங்கைமான், தாராசுரம் மூன்றிலும் சிறிய கிளைகள். முதலில் ஒவ்வொரு கிளையிலும் ஒரு டெலிபோன் போர்டும் ஓர் ஆபரேட்டரும் இருந்தார்கள். பிறகு நிர்வாகம் எல்லா அழைப்புகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவர முடிவு செய்தது. அதன்பின் வலங்கைமான் நம்பரைச் சுழற்றினால் மணி தஞ்சாவூரில் இரண்டாம் மாடியில் என் முன்னால் அடிக்கும். கூப்பிட்டவருக்கு அது தெரியாது. போர்டில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விளக்கு. விளக்குகளுக்குக் கீழே த, பா, வ, தா என்று எழுதி ஒட்டியிருந்தேன். வெளியே பேச எல்லாரும் மஞ்சள் பலகை போட்ட டெலிபோன் பூத்துக்கு நடந்த காலம் அது. சட்டைப்பையில் போன் இன்னும் வந்திருக்கவில்லை.

எனக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, மணி, எந்த விளக்கு, எத்தனை வினாடி என்று நோட்டில் எழுதுவது. யாரும் சொல்லி எழுதவில்லை. எழுதாவிட்டால் அன்றைய நாள் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. இன்னொன்று வாசிப்பு. கோயில் கல்வெட்டுகள், பழைய ஜில்லா விவரங்கள், நில அளவைக் குறிப்புகள் என்று எது கிடைத்தாலும் படிப்பேன். எந்த வாய்க்கால் எந்த ஆற்றில் பிரிகிறது, எந்த ஊர் எந்த வட்டத்திலிருந்து எந்த வட்டத்துக்கு மாறியது என்பதெல்லாம் கேட்ட மாத்திரத்தில் சொல்வேன். அதனால்தான் ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளுக்கு, நிரப்புவதற்கென்று ஒரு பாரம் தயாரிக்கும் வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்தார்.

ஐந்து கட்டம் போட்டேன். பெயர், ஊர், தெரு, உடம்புக்கு என்ன, போன் நம்பர். ஐந்தும் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். மூன்றாவது கட்டத்தில் எனக்குத் தனிப் பெருமை. எங்கள் பக்கத்து ஊர்கள் ஆற்றுக்கு இருபுறமும் சிதறிக் கிடப்பவை. தெரு தெரியாமல் போன வண்டிகள் அக்கரைக்கும் இக்கரைக்கும் அலைந்த கதைகள் நிறைய. அரசாங்கம் தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பெயர்களை எடுக்கச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆகவே மேலத்தெரு, கீழத்தெரு என்றால் எனக்கு அவை திசைகள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பாரம் வந்த பிறகு ஒரு விநோதம் தொடங்கியது. 'வ' விளக்கில் வரும் ஆம்புலன்ஸ் அழைப்புகள் சில நடுவிலேயே அறுந்தன. மற்ற ஊர் விளக்குகளில் அப்படி இல்லை. டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். மூன்று தரம் வந்து பார்த்தார்.

"லைன்ல ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் ஏன் கட் ஆவுது?"

"அணில் கடிச்சிருக்கும்."

"வலங்கைமான் லைனை மட்டும் பாத்துக் கடிக்குமா?"

"பாபநாசத்து அணில் கொஞ்சம் நல்ல அணிலா இருக்கும் சார்."

நானும் ஒவ்வொரு காரணமாக யோசித்துப் பார்த்தேன். மழை நாளா, உச்சி வெயிலா, செவ்வாய்க்கிழமையா? அறுந்த அழைப்புகளை மட்டும் தனிப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன். அந்த வருஷம் வலங்கைமான் பக்கத்துச் சில ஊர்களில் குத்தகை நிலத் தகராறு நடந்துகொண்டிருந்தது. தலைமுறையாக உழுதவர்களை நிலத்தைவிட்டு இறங்கச் சொன்னார்கள் மிராசுதார்கள். உழுதவர்கள் மாட்டோம் என்றார்கள். வழக்கு, மறியல், போலீஸ் கூடாரம். பத்திரிகைச் செய்திகளை வெட்டித் தேதி போட்டு வேறொரு நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு நோட்டுகளும் ஒரே மேசையில்தான் இருந்தன. ஒன்றைப் புரட்டும்போது மற்றது என் நினைவுக்கு வரவே இல்லை.

புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பத்திரண்டு. 'வ' எரிந்தது.

"அலோ, வலங்கைமான் ஆஸ்பத்திரிங்களா?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"அக்கா இல்லீங்களா?"

"நான்தாம்மா இப்ப எடுக்கிறேன். சொல்லுங்க."

"எங்க வூட்டுக்காரரைப் பாம்பு கடிச்சிருச்சுங்க. வண்டி வேணும்."

பெயர் கேட்டேன், சொன்னார். ஊர் கேட்டேன், சொன்னார். பின்னால் பூத்துக்காரரின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள்.

"எந்தத் தெரு?"

 ரேடியோ மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

இருபத்திரண்டு வினாடி என்று நோட்டில் எழுதினேன். ஒரு மனிதனின் உடம்பில் விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. என் கை முதலில் வினாடியைத்தான் எழுதியது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அந்த ஊரைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரியும். குடமுருட்டியின் இரண்டு கரையிலும் பரந்த ஊர். அங்கே சிவன் கோயிலில் நந்தா விளக்குக்கு எவ்வளவு நிலம் எழுதிவைத்தார்கள் என்பதுகூடத் தெரியும். அந்தப் பெண் எந்தக் கரையில் நிற்கிறார் என்பது தெரியவில்லை.

வலங்கைமான் கிளையில் முன்பு போர்டு பார்த்தவரை எல்லாரும் வலங்கைமான் அக்கா என்றுதான் சொல்வோம். போர்டை எடுத்த பிறகு அவரை நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. வெளி லைனைத் தொடாமல் உள்ளுக்குள் பேசும் அவருடைய எக்ஸ்டென்ஷனை அழுத்தினேன்.

"அக்கா, ஒரு பாம்புக்கடி, ஒரு பொம்பளை கூப்பிட்டாங்க. ஊரும் பேரும் சொன்னாங்க. அதுக்குள்ள லைன் கட் ஆயிடுச்சு."

"லைன் நல்லாத்தான் இருக்கு. நீங்க என்ன கேட்டீங்க?"

"தெரு கேட்டேன்."

"அதான் வச்சுட்டா."

"ஏங்க்கா? பாரத்துல இருக்கே."

"பாரத்துல இருக்கும் சார். எந்தத் தெருன்னு கேட்டா இங்க என்ன அர்த்தம் தெரியுமா? வண்டி வராதுன்னு அர்த்தம். தெருவைக் கேட்டுட்டுத்தான் வண்டி ரிப்பேரும்பாங்க, டிரைவர் சாப்பிடப் போயிட்டாரும்பாங்க. எத்தனை பேரு கேட்டு எத்தனை தடவை பாத்தவங்க அவங்க! அந்த ஊர்ல ஒரு வயல் கேஸு வேற நடக்குது. ரெண்டு தரப்பும் எறங்கக் கூடாதுன்னு கோர்ட்டுத் தடை. பாம்பு எங்க கடிச்சுதோ யாரு கண்டா? பூத்து இருக்கிறது மேலத்தெருவுல, மிராசு வூட்டு மச்சான் கடை. அங்க நின்னுகிட்டு அவ உங்களுக்கு என்னத்தச் சொல்லுவா?"

"நீங்களா இருந்தா என்ன கேப்பீங்க?"

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கொரலைக் கேட்டா ஆளு தெரியும். உங்களுக்குத் தெரியாதுல்ல? அதனால ஒண்ணே ஒண்ணு கேளுங்க. வண்டி எங்க வந்து நிக்கணும்னு கேளுங்க. எடத்தை அவங்க சொல்லுவாங்க. அந்த எடத்துக்கு ஆளை அவங்களே தூக்கிட்டு வந்துருவாங்க."

"இன்னொரு தடவை போன் பண்ணுவாங்களா?"

"பண்ணுவா. வேற நாதி ஏது அவளுக்கு? நீங்க லைனைக் காலியா வச்சுக்குங்க."

இப்போது என் முன்னால் இருந்த முடிவைச் சொல்கிறேன். வண்டி நின்றது வலங்கைமான் கிளையில். வாசலைத் தாண்டிவிட்டால் டிரைவரிடம் பேச வழியில்லை. இடம் தெரியும்வரை நிறுத்திவைத்தால் நேரம் போகும். தெரியாமல் அனுப்பினால் வண்டி அக்கரையில் அலையும். அக்காவே சொன்னார்: ஊர் எல்லையில் ஆற்றுப்பாலம் இருக்கிறது, எந்தக் கரைக்குப் போவதானாலும் அதைத் தொட்டுத்தான் போக வேண்டும், பாலத்து முனையில் ஒரு டீக்கடை, அதில் போன் இருக்கிறது. நம்பரும் அவருக்கு மனப்பாடம். ஆக, பாதி தூரத்துக்கு அனுப்பலாம். மீதி பாதி வந்து சேரும் என்று நம்பலாம்.

டிரைவரை லைனில் கூப்பிட்டேன். "பாலத்து டீக்கடையில போய் நில்லுங்க. நான் அங்க போன் பண்ணுவேன்."

"பாரம் வரலியே சார். மேனேஜர் கேட்டா?"

"என் பேரைச் சொல்லுங்க."

"உங்க பேரு யாருக்கு சார் தெரியும்? கொரல்தான் தெரியும்."

"அப்ப கொரலைச் சொல்லுங்க. கிளம்புங்க."

பத்து நாற்பத்தேழுக்கு வண்டி கிளம்பியது. என் வேலை அதற்கப்புறம் சும்மா இருப்பது. உங்களில் பலருக்கு அதுதான் கடினமாக இருக்கும். வலங்கைமான் கிளைக்கு இருந்தது ஒரே வெளி லைன். அதில் நான் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு 'டொக் டொக்' என்றுதான் கேட்கும். இரண்டே நிமிஷத்தில் 'வ' எரிந்தது. பாய்ந்து எடுத்தேன். ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, டாக்டரைப் பார்க்க நேரம் வேண்டும் என்று நிதானமாகத் தன் ஊரிலிருந்து ஆரம்பித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டித்தேன். என் பணிக்காலத்தில் நானாகத் துண்டித்த முதல் அழைப்பு அது. அவர் மறுபடி முயன்றார், மறுபடியும் துண்டித்தேன். அவருக்கும் என் லைனில் அணில் என்று தோன்றியிருக்கும்.

பத்து ஐம்பத்துமூன்று. 'வ'.

"வலங்கைமான் ஆஸ்பத்திரி" என்றேன்.

மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "அக்கா இன்னும் வரலீங்களா?"

இணைப்பை அக்காவுக்கு மாற்றலாம். மாற்றும்போது பத்து வினாடி லைன் ஊமையாகிவிடும். நடுங்கிக்கொண்டு நிற்பவருக்கு அந்த ஊமைத்தனமும் ஒரு 'வண்டி வராது'தான். மாற்றவில்லை.

"அக்காகிட்டப் பேசிட்டேம்மா. வண்டி கிளம்பிடுச்சு. எங்க வந்து நிக்கணும்? எடத்தை நீங்க சொல்லுங்க."

"கிளம்பிடுச்சுங்களா?"

"பாலத்துக்குப் பக்கத்துல வந்திருக்கும்."

"மூணு கண்ணு மதகுங்க" என்றார். சொற்கள் இப்போது கொட்டின. "பாலத்துலேர்ந்து தெக்க திரும்பி ஆத்தங்கரையோடயே வரச் சொல்லுங்க. மதகுக்கு அந்தாண்ட வண்டி வராது, வரப்புதான். நாங்க மதகுக்குக் கொண்டாந்துடறோம்."

"நடக்க விடாதீங்க. கட்டில்ல வச்சுத் தூக்குங்க. கடிவாயை அறுக்கிறது, உறிஞ்சறது எதுவும் வேணாம்."

"சரிங்க." வைத்துவிட்டார். முப்பத்தோரு வினாடி.

டீக்கடைக்குப் போட்டேன். எடுத்தவரிடம், தஞ்சாவூரிலிருந்து பேசுவதாகச் சொல்லி, வெள்ளை வண்டி வந்தால் மூன்று கண் மதகுக்கு அனுப்பச் சொன்னேன்.

"யாருக்குங்க?"

"தெரியாதுங்க" என்றேன், பெயர் பாரத்தில் இருந்தும்.

"யாருக்குன்னு தெரியாமலா தஞ்சாவூர்லேர்ந்து வண்டிக்கு வழி சொல்றீங்க?" என்று சிரித்தார். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டதும் ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு ஓடினார். அவர் போட்ட கூச்சல் எனக்குத் தஞ்சாவூரில் கேட்டது.

பதினொன்று இருபதுக்கு ஆள் வலங்கைமான் கிளைக்கு வந்து சேர்ந்தார். கண்ணாடி விரியன். அங்கே முதல் ஊசி போட்டு, தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் எந்தப் பக்கம் சாயும் என்று டாக்டர்களே சொல்லவில்லை. நான் சாப்பாட்டு வேளையில் கீழே இறங்கி, வார்டு நர்சிடம் விசாரித்துவிட்டு ஏறுவேன். நான்காம் நாள் சிறுநீர் தெளிந்துவிட்டது என்றார்.

இதற்கிடையில் மேனேஜர் பாரத்தைக் கேட்டார். மூன்றாவது கட்டத்தில் 'மூன்று கண் மதகு' என்று எழுதிக் கொடுத்தேன்.

"மதகு ஒரு தெருவா?"

"இல்லீங்க."

"பின்ன ஏன் தெருன்னு போட்ட எடத்துல எழுதியிருக்கீங்க?"

"தெருவுக்கு வண்டி போவாதுங்க. மதகு வரைக்கும்தான் போவும். பாரம் தப்புங்க. போட்டவன் நான்தான்."

அவர் பேனாவை எடுத்து 'தெரு' என்பதை அடித்தார். "புதுசா அச்சடிக்கிற வரைக்கும் ஒண்ணொண்ணா கையால அடிச்சு வேற எழுதுங்க. உங்களுக்குத்தான் எழுதறதுன்னா இஷ்டமாச்சே" என்றார்.

எஞ்சியிருந்த எல்லாப் பாரங்களிலும் தெருவை அடித்துவிட்டு 'வண்டி எங்கே நிற்க வேண்டும்' என்று எழுதினேன். எழுதும்போதுதான் சிவப்புப் பக்கத்தின் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். அறுந்த அழைப்புகள் எல்லாம் ஏறக்குறைய இருபது வினாடியில் அறுந்திருந்தன. மழை நாளிலும் இருபது, வெயில் நாளிலும் இருபது. கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, விளக்கு எரியாத போர்டிடம் "ஆமாம்மா, சொல்லுங்க... பேரு? ஊரு?" என்று வழக்கமான வேகத்தில் பேசிப் பார்த்தேன். என் வாய் மூன்றாம் கட்டத்துக்கு வர எடுத்துக்கொண்ட நேரம் இருபது வினாடி.

டெக்னீஷியன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "யாருகிட்ட சார் பேசுறீங்க?"

"அணில்கிட்ட."

அடுத்த மாதம் 'வ' விளக்கில் ஓர் அழைப்பும் அப்படி அறுபடவில்லை. டெக்னீஷியன் பதிவேட்டில் 'வலங்கைமான் லைன் கோளாறு சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு அதோடு தீரவில்லை. அறுந்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர். ஒருநாள் மதியம் அக்காவைக் கூப்பிட்டுச் சிவப்புப் பக்கத்தைத் தேதி தேதியாக வாசித்தேன். ஆவணி ஏழு, மாலை நாலேகால் என்றதும் நிறுத்தினார்.

"இருங்க, ஆவணி ஏழா? மறுநாளு வெநாயகர் சதுர்த்தி?"

"ஆமா."

"அது பிரசவ கேஸு. டிராக்டர்ல வச்சு கும்பகோணம் போனாங்க. பாதி வழியில பொறந்துச்சு. பொண்ணு. நல்லாருக்கு."

இன்னொன்றையும் கண்டுபிடித்தார், ஒரு கிழவருக்கு நெஞ்சு வலி, பிழைத்துக்கொண்டார். மற்றவை அவருக்கும் தெரியவில்லை.

"உங்ககிட்டத் தேதி இருக்கு, எங்கிட்ட ஆளு இருக்கு" என்றார் அக்கா. "ரெண்டையும் சேத்தாலும் பாதிதான் சார் தேறுது."

தெரியாதவற்றுக்கு எதிரே இடம் விட்டு வைத்தேன். இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் கேட்டவருக்கு நான் அன்றைக்கே காட்டியிருக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். ஊர் தெரியாதது குற்றமில்லை. உங்கள் திரையில் அடுத்து வரும் கட்டம் அந்த ஊரில் எதற்காகக் கேட்கப்பட்டுவந்த கேள்வி என்று ஒருமுறையாவது யாரிடமாவது விசாரியுங்கள். கட்டத்தை வடிவமைத்தவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பே, ஒன்பதாம் நாள் காலை, பாம்பு கடித்தவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் இருவரும் படியேறி என் அறைக்கு வந்தார்கள். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அவர். கையில் மருந்துப் பையோடு அந்தப் பெண். குரலுக்கு நான் கற்பனை செய்திருந்த முகம் வேறு. இவர் என்னைவிட இளையவர், நெட்டையானவர், சுற்றிச் சுற்றிப் பார்க்கும் கண்கள்.

"இங்கேருந்தா பேசுனீங்க?" என்றார். "நான் வலங்கைமான்ல இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்! இதுல எங்க ஊரு எது?"

'வ' விளக்கைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். "இது எரிஞ்சா நாங்களா?"

"நீங்கதான்."

கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கட்டில்ல ஒரு மூலைக்கு ஆள் பத்தல சார். பூத்துக்காரரு கடையைச் சாத்திட்டு வந்து புடிச்சாரு. 'கேஸு கேஸுதான், அதுல மாத்தமில்ல'ன்னு சொல்லிக்கிட்டேதான் மதகு வரைக்கும் தூக்கிட்டு வந்தாரு."

"எந்த வயல்லன்னு எல்லாரும் கேட்டாங்க" என்றார் அந்தப் பெண். "டாக்டரு கேட்டாரு, வந்துபோன போலீஸு கேட்டாரு. நீங்க ஒருத்தர்தான் கேக்கல."

"வண்டிக்கு அது வேணாமேம்மா."

அவர் மருந்துப் பையை மேசைமேல் வைத்தார். பிறகு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டார்:

"சாருக்குத் தஞ்சாவூர்ல எந்தத் தெரு?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. நான் நாள் தவறாமல் கேட்ட கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். என் வலது கை தானாக நகர்ந்து, போர்டில் அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானின் மேல் போய் நின்றது.

"பெரிய கோயில் தாண்டி, வாய்க்கால் பாலத்துக்கிட்ட ஒரு மாவு மில்லு இருக்கும்மா" என்றேன். "அங்க வந்து நின்னு கேட்டா போதும்."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றைய பக்கத்தில் தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, இருவர் வந்துபோனதும் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு எத்தனை வினாடி ஆயிற்று என்பதை மட்டும் நான் எழுதவில்லை.